எங்கள் வீட்டு லெப்டொப்பும் ஆறு முனை ஸ்குரூ ட்ரைவரும்

சென்ற நோன்புப் பெருநாள் முடிந்து ஆறு நோன்பு பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் வீட்டு லெப்டொப் நின்றுபோனது. காலையில் நான் படித்துக்கொண்டிருந்தபோது திரை கறுத்தது. அதன் பிறகு என்ன செய்தும் உயிர் வரவில்லை. கொரோனாக் காலத்தில் எங்களுக்கு வீட்டிலிருந்து வகுப்பு நடந்தபோது கட்டாரில் இருந்த மாமா அனுப்பிவைத்த லெப்டொப் அது. அதில் என் பாடக் குறிப்புகள் இருந்தன, வாப்பாவின் கடைக் கணக்கு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ராத்தாவின் கலியாணத்தில் பெண்கள் பகுதியில் எடுத்த படங்கள் அத்தனையும் இருந்தன.

"கடையில குடுத்தா செஞ்சி தருவாங்க" என்றார் வாப்பா.

"அதுக்குள்ள புள்ளட படமெல்லாம் கிடக்கு. எப்படிக் குடுக்கிற?" என்று கேட்டார் உம்மா.

இந்த இரண்டு வரியும் எங்கள் வீட்டில் மட்டும் பேசப்படுபவை அல்ல என்று எனக்குத் தெரியும். வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். பழுதான போனை அலுமாரிக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் மூன்று பேர். கடைக்குக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை தூக்கமில்லாமல் இருந்தவள் ஒருத்தி. கடைக்காரர்கள் எல்லோரும் பிழையானவர்கள் என்று நான் சொல்லவில்லை. அமானிதம் பேணி வேலை செய்பவர்கள்தான் அதிகம். ஆனால் ஒருவருடைய நல்ல குணத்தை நம்பி மட்டும் நம் வீட்டு மானத்தை ஒப்படைப்பது சரியான ஏற்பாடா என்பதுதான் என் கேள்வி.

தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் டீச்சரிடம் கேட்டேன். அவர் சொன்ன வழி மிகச் சுலபமாகத் தெரிந்தது. "படங்கள் இருக்கிறது எஸ்எஸ்டி என்ற ஒரு சின்னத் தகட்டில. அதைக் கழற்றி வீட்டில வெச்சிட்டு மிச்சத்தைக் கடைக்குக் குடுங்க. அவங்களுக்குத் திருத்திறதுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது." அதாவது, நான் செய்ய வேண்டியது லெப்டொப்பின் அடி மூடியைத் திறப்பது மட்டும்தான்.

அந்த "மட்டும்" எனக்கு நான்கு நாள் எடுத்தது. காரணம், சரியான ஸ்குரூ ட்ரைவர் என்னிடம் இருக்கவில்லை.

லெப்டொப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஏழு சிறிய திருகாணிகள். தலையில் நாம் வழமையாகக் காணும் கூட்டல் அடையாளம் இல்லை. பூப் போன்ற ஒரு சின்னப் பள்ளம். வீட்டில் இருந்த ஸ்குரூ ட்ரைவர் எதுவும் அதற்குள் போகவில்லை. பொறுமை இல்லாமல் குசினியில் இருந்த சின்னக் கத்தியின் நுனியை விட்டுத் திருகினேன். கத்தி வழுக்கியது. பள்ளத்தின் ஓரம் ஒன்று தேய்ந்து மழுங்கியது. ஒரு திருகாணியைப் பழுதாக்க ஒரு விநாடி போதும் என்பதை அன்று கற்றேன்.

அடுத்த நாள் வாப்பாவோடு ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். "ஸ்டார் ஸ்குரூ ட்ரைவர் சின்னது ஒண்டு" என்றேன். கடைக்காரர் ஒன்றை எடுத்துத் தந்தார். அது கூட்டல் அடையாளம். "இது இல்ல, ஸ்டார்" என்றேன். "இதுதான் மகள் ஸ்டார்" என்றார். இரண்டாவது கடையிலும் அதே கதை. அப்போதுதான் விளங்கியது. நம் ஊரில் கூட்டல் அடையாளத்துக்கே "ஸ்டார்" என்று பெயர் வைத்துவிட்டோம். உண்மையாகவே நட்சத்திரம் போல இருக்கும் இன்னொன்று வந்தபோது அதற்குக் கொடுக்க நம்மிடம் பெயர் மிஞ்சவில்லை. பெயர் தெரியாத பொருளைக் கடையில் கேட்டு வாங்க முடியாது.

மூன்றாவது நாள் காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் போனோம். போவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். போன் கமெராவைத் திருகாணிக்குக் கிட்டப் பிடித்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முனைகளை எண்ணினேன். ஆறு. நகரத்தில் போன் திருத்தும் ஒரு கடையில் அந்தப் படத்தைக் காட்டினேன். அங்கிருந்த அண்ணன் ஒரு பார்வைதான் பார்த்தார். "இது டோர்க்ஸ், தங்கச்சி. டீ5. அஞ்சு முனை எண்டா வேற. எண்ணிப் பாத்து வந்தது நல்லது" என்று சொல்லி, முப்பதுக்கு மேற்பட்ட முனைகள் கொண்ட ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். ஒரு பிடி, அதில் மாற்றி மாற்றிச் செருகும் முனைகள். அதன் விலை ஒரு நல்ல அபாயாவின் விலையில் பாதிகூட வரவில்லை.

இரண்டு கடையில் கிடைக்காத பதிலை ஒரு படம் கொடுத்தது. இதை வாசிக்கும் தங்கைகளுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இதுதான்: ஸ்குரூ ட்ரைவரைத் தேடும் முன் திருகாணியைப் பாருங்கள்.

திரும்பி வரும்போது கல்லடியில் புதிய பாலத்தால் வந்தோம். பக்கத்திலே பழைய லேடி மெனிங் பாலம் நிற்கிறது. 1924இல் கட்டிய இரும்புப் பாலம். அதன் இரும்புத் துண்டுகளை ரிவெட் அடித்து இணைத்திருக்கிறார்கள். ரிவெட் என்பது திரும்பக் கழற்றுவதற்காக அடிப்பதல்ல. திருகாணி அப்படியல்ல. ஒரு பொருளில் திருகாணி இருக்கிறதென்றால், ஒரு நாள் இதைத் திறக்க வேண்டி வரும் என்று அதைச் செய்தவருக்கே தெரியும். கேள்வி, திறக்கும் கை யாருடையது என்பதுதான்.

இந்தக் கேள்வி மனதில் விழுந்ததால் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் திருகாணி என்றால் தலையில் நேரான ஒரு கோடுதான். நம் உம்மாமாரின் தையல் மெஷினில் இன்றும் இருப்பது அது. காசு, கத்தி, நகவெட்டி எதனாலும் திருகலாம். ஆனால் முனை பக்கவாட்டில் வழுக்கும். கார்த் தொழிற்சாலையில் வேகமாக ஓடும் இயந்திரத்தால் அதைப் பூட்டுவது கஷ்டம். இதற்குத் தீர்வாக வந்ததுதான் கூட்டல் அடையாளத் தலை. அதன் பெயர் பிலிப்ஸ். மின்குமிழ் செய்யும் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவின் போட்லன்ட் நகரத்தைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ், தொம்சன் என்ற இன்னொருவரின் யோசனையை வாங்கி மேம்படுத்தி 1936இல் காப்புரிமை பெற்றார். கடிலாக் கார்களில் அது பாவனைக்கு வந்து, பிறகு உலகம் முழுவதும் பரவியது. முனை தானாகவே நடுவில் போய் உட்காரும் என்பது அதன் சிறப்பு. இறுக்கம் கூடினால் மேலே எழும்பி வழுக்கும் என்பது அதன் குறை.

டோர்க்ஸ் என்ற ஆறு முனைத் தலை 1967இல் அமெரிக்காவில் உருவானது. முனைக்கும் பள்ளத்துக்கும் இடையே தொடுகை கூட இருப்பதால் அது எளிதில் வழுக்காது. நன்றாக இறுக்கலாம், நன்றாகக் கழற்றலாம். ஆகவே ஆறு முனைத் தலையைக் கண்டவுடன் "நம்மைத் தடுக்கத்தான் போட்டிருக்கிறார்கள்" என்று நினைப்பதும் நியாயமில்லை. அது உண்மையிலேயே நல்ல திருகாணி.

ஆனால் தடுப்பதற்காகவே போட்ட சம்பவங்களும் உண்டு. 1984இல் வந்த அப்பிள் நிறுவனத்தின் முதல் மெக்கின்டொஷ் கணினியைத் திறக்க டீ15 என்ற டோர்க்ஸ் முனை வேண்டும். அதுவும் சாதாரண நீளம் போதாது. தூக்கும் கைப்பிடிக்குள் ஆழமாக இரண்டு திருகாணிகள் ஒளிந்திருந்தன. அந்தக் காலத்தில் அவ்வளவு நீளமான முனை சாதாரண வீடுகளில் எங்கே இருந்திருக்கும்? இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கணினியை உருவாக்கியவர்கள் 1982இலேயே ஒரு தாளில் கையொப்பம் இட்டு, அதைக் கூட்டின் உட்புறத்தில் அச்சாகப் பதித்திருந்தார்கள். பெருமையோடு போட்ட அந்தக் கையொப்பங்களை வாங்கிய மனிதர் பார்க்க முடியாது. திறந்தவர் மட்டும்தான் பார்க்கலாம்.

பிறகு 2009இல் அதே நிறுவனம் ஐந்து இதழ் கொண்ட பென்டலோப் என்ற புதிய தலையைத் தன் மடிக்கணினி ஒன்றின் பெட்டரியைப் பூட்டப் பாவித்தது. நகரத்துக் கடை அண்ணன் சொன்ன "அஞ்சு முனை" இதுதான். அடுத்து ஐபோன் 4க்கும் அது வந்தது. முதலில் சாதாரண பிலிப்ஸ் திருகாணியோடு விற்ற போன்களைத் திருத்தக் கொண்டுபோனபோது, அவற்றைக் கழற்றிவிட்டு ஐந்து இதழ்த் திருகாணியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று 2011 ஜனவரியில் ஐபிக்ஸிட் என்ற அமெரிக்க நிறுவனம் வெளிப்படுத்தியது. ஐந்து இதழ்த் திருகாணிகளைக் கழற்றிச் சாதாரணமானவற்றைப் போடுவதற்கு ஒரு சின்னக் கருவித் தொகுதியையும் அது விற்றது. இன்று அந்த ஐந்து இதழ் முனை மட்டக்களப்பிலேயே கிடைக்கிறது. பூட்டுப் போட்டால் சாவி செய்ய ஒருவர் வருவார் என்பதே இதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது.

நிறுவனங்களின் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. தெரியாதவர் திறந்தால் பெட்டரியைக் குத்திவிடலாம், தண்ணீர் புகாமல் வைத்த இறப்பர் விலகலாம், பிறகு பழி நிறுவனத்தின் மேல் வரும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து இருக்கிறது என்றால் எச்சரிக்கை எழுதலாம், திறக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கலாம். ஊரில் கிடைக்காத ஒரு தலையைப் போடுவது எச்சரிக்கை ஆகாது. காசு கொடுத்து வாங்கியவருக்கு, "இது உன்னுடையது, ஆனால் உள்ளே பார்க்காதே" என்று சொல்வது போல அது இருக்கிறது.

உலகம் இதைப் பேசத் தொடங்கிவிட்டது. பிரான்ஸ் நாட்டில் 2021இல், போன், மடிக்கணினி, சலவை இயந்திரம் போன்றவற்றை விற்கும்போது, அதைத் திருத்துவது எவ்வளவு எளிது என்று 10க்குப் புள்ளி போட்டுக் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. கழற்றுவதற்கு எந்த வகைக் கருவி வேண்டும் என்பதும் அந்தப் புள்ளிக் கணக்கில் அடங்கியிருந்தது. அதாவது ஒரு திருகாணியின் தலை சட்டத்துக்குள் வந்துவிட்டது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் இலத்திரனியல் பொருட்களைத் திருத்தும் உரிமைக்கான சட்டம் கையொப்பமானது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியமும் அப்படி ஒரு பணிப்புரையை நிறைவேற்றியது. பக்கத்து இந்தியாவிலும் 2022இல் அரசாங்கம் இதற்கென ஓர் இணையத்தளத்தைத் திறந்தது.

இலங்கையில் இருக்கும் நமக்கு இது இன்னும் அவசரமானது. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், அந்த வருடம் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு லெப்டொப்பின் விலையும் கூடவே ஏறியது. புதிதாக வாங்கும் யோசனையைப் பல வீடுகள் கைவிட்டன. இருப்பதை இன்னும் நான்கு வருடம் ஓட்டுவதுதான் வழி. அத்தோடு நாம் இருப்பது ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது. லெப்டொப்பின் விசிறிக்குள் மணலும் தூசியும் ஈரமும் சேர்ந்து அடைக்கின்றன. வருடத்துக்கு ஒரு தடவையாவது திறந்து துப்புரவு செய்தால் அதன் ஆயுள் கூடும். திறக்கத் தெரியாததால் எத்தனையோ நல்ல கணினிகள் சூடேறிச் சாகின்றன.

இனி என் கதைக்கு வருகிறேன். டீ5 முனையை நேராக நிறுத்தி, திருகுவதைவிட அழுத்துவதில் கவனம் வைத்துத் திருப்பினேன். ஆறு திருகாணிகள் சத்தமில்லாமல் வந்தன. கத்தியால் நான் பழுதாக்கிய ஏழாவது மட்டும் வரவில்லை. ஒரு இறப்பர் வளையத்தை வெட்டி அதன் தலைமேல் வைத்து, முனையை அதன் மேல் அழுத்தித் திருப்பினேன். மூன்றாவது தடவையில் அசைந்தது. அதன் பிறகும் மூடி திறக்கவில்லை. இழுக்கத் தொடங்கியபோது உம்மாதான் தடுத்தார். "பலவந்தப்படுத்தாதீங்க மகள். எங்கயோ ஒண்டு பிடிச்சிக்கிட்டு இருக்கு." அவர் கையால் தடவிப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்த நீளமான இறப்பர் பாதத்தைச் சுட்டிக் காட்டினார். மெதுவாகக் கிளப்பினால் அதன் கீழே இன்னும் இரண்டு திருகாணிகள்!

உம்மாவுக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தன் சிங்கர் தையல் மெஷினை இருபது வருடமாகத் தானே கழற்றித் துப்புரவு செய்து எண்ணெய் போடுகிறவர். ஊசித் தட்டைக் கழற்றி, உள்ளே அடைந்த பஞ்சை எடுத்து, திரும்பப் பூட்டுவார். எங்கள் ஊரில் இப்படி எத்தனை உம்மாமார், மூத்தம்மாமார்! தையல் மெஷினும் ஓர் இயந்திரம்தான். அதற்கென்று ஒரு ஸ்குரூ ட்ரைவர் லாச்சிக்குள் இருக்கிறது. அதைப் பெண்கள் தொட்டதால் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அப்படியிருக்க, கணினி என்றவுடன் "அது ஆம்பிளைப் புள்ளைகள்ட வேலை, காக்கா வரட்டும்" என்று ஏன் சொல்கிறோம்? கை அதே கைதான். பொறுமையும் அதே பொறுமைதான். மாறியிருப்பது திருகாணியின் தலை மட்டும்.

மூடி திறந்ததும் முதலில் பெட்டரியின் இணைப்பைக் கழற்றினேன். எஸ்எஸ்டியைப் பிடித்திருந்தது ஒரே ஒரு சின்னத் திருகாணி. அது பழைய கூட்டல் அடையாளம்! அதற்கு பிலிப்ஸ் முனை வேண்டும். ஒரு லெப்டொப்புக்கு இரண்டு வகை முனை. பெட்டியில் அதுவும் இருந்தது. அந்தத் தகடு என் சுண்டுவிரல் அளவுதான். ராத்தாவின் கலியாணம் முழுவதும் அதற்குள். அதை ஒரு கடதாசி உறைக்குள் போட்டு உம்மாவின் கையில் கொடுத்தேன். உம்மா அதை நகை வைக்கும் அலுமாரிக்குள் வைத்தார்.

மூடியைத் திரும்பப் பூட்டி லெப்டொப்பைக் கடைக்குக் கொடுத்தோம். மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் பழுதாம். அதைத் திருத்தும் அறிவும் கருவியும் என்னிடம் இல்லை. அது படித்தவர் செய்ய வேண்டிய வேலை, அவர் நன்றாகவே செய்தார். நியாயமான காசு வாங்கினார். இப்போது இந்தக் கட்டுரையை அதே லெப்டொப்பில்தான் தட்டச்சு செய்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். எல்லாத் திருத்த வேலையையும் நாமே செய்ய வேண்டும் என்பது என் கருத்தல்ல. எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் வைப்பது என்று தீர்மானிக்கும் அளவுக்காவது நமக்குத் திறக்கத் தெரிய வேண்டும்.

முயற்சி செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் கற்ற சிலவற்றைச் சொல்கிறேன். மேசைக் கணினிக்குப் பெரும்பாலும் பிலிப்ஸ் 2ஆம் இலக்கம் ஒன்றே போதும். மடிக்கணினிக்கு பிலிப்ஸ் 0, 00, 1 ஆகியவையும், டோர்க்ஸ் டீ5, டீ6, டீ8 ஆகியவையும் இருந்தால் அநேகமாகச் சமாளிக்கலாம். முனை பள்ளத்துக்குள் ஆடாமல் இருக்க வேண்டும். ஆடினால் அது உங்கள் அளவல்ல, நிறுத்திவிடுங்கள். கழற்றிய திருகாணிகளை ஒரே கிண்ணத்தில் கொட்ட வேண்டாம். நீளம் வேறுபடும். நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் போட்டு இறுக்கினால் உள்ளே பலகையைக் குத்திவிடும். நான் ஒரு தாளில் லெப்டொப்பின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் திருகாணியை ஒட்டுநாடாவால் ஒட்டி வைத்தேன். மேசைக் கணினியிலும் இரண்டு புரி உண்டு. பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு 6-32 என்ற அங்குலக் கணக்குத் திருகாணி, சிறிய எஸ்எஸ்டிக்கு எம்3 என்ற மில்லிமீட்டர் கணக்குத் திருகாணி. பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். மாற்றிப் போட்டு இறுக்கினால் புரி சிதையும்.

தொடக் கூடாதவையும் உண்டு. மின்சாரத்தைக் கழற்றாமல் எதையும் திறக்கக் கூடாது. மேசைக் கணினியின் மின்வழங்கிப் பெட்டியை, அதாவது பவர் சப்ளையை, ஒருபோதும் திறக்கக் கூடாது. மின்சாரத்தைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும். உப்பிய பெட்டரியைக் கண்டால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத பொருளாக இருந்தால் அதன் நிபந்தனையை முதலில் வாசியுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகளுக்கு லெப்டொப் வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்ப்பது போல, கவிழ்த்து அதன் திருகாணிகளையும் ஒரு தடவை பாருங்கள். "இதைத் திறக்க என்ன முனை வேண்டும்?" என்று கடையில் கேளுங்கள். அந்த முனையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மகள் திறந்து பார்க்க விரும்பினால் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒரு திருகாணி பழுதாகலாம். என் கையாலும் ஒன்று பழுதானது. வாப்பா அதற்கு ஏசவில்லை. "அடுத்த தரம் கத்தியை விட்டுருங்க" என்று மட்டும் சொன்னார். அன்று ஏசியிருந்தால் நான் மற்ற ஆறையும் தொட்டிருக்க மாட்டேன்.

எங்கள் கல்லூரியிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் பழைய மாணவிகள் சங்கத்திடமும் ஒரு வேண்டுகோள். கணினியின் உறுப்புகளை நாங்கள் படத்தில் பார்த்து, பெயர் எழுதிப் புள்ளி எடுத்திருக்கிறோம். வகுப்பில் ஒருத்தியும் அவற்றைக் கையால் தொட்டதில்லை. எல்லாப் பாடசாலைகளையும் போல எங்கள் களஞ்சிய அறையிலும் ஓடாத பழைய கணினிகள் இருக்கத்தான் செய்யும். இரண்டு முனைத் தொகுதிகள் வாங்கி, உயர்தரம் முதலாம் வருடத்தில் ஒரே ஒரு பகல், அந்தப் பழைய கணினிகளைக் கழற்றித் திரும்பப் பூட்டவிடுங்கள். பழுதாகப் போவது ஏற்கனவே பழுதானதுதான். அன்றைய நாள் முடிவில் தன் வீட்டுத் தகட்டைத் தானே கழற்றி உம்மாவின் கையில் கொடுக்கத் தெரிந்த நாற்பது பிள்ளைகள் இந்த வாசலால் வெளியே போவார்கள்.

என் பெட்டி இப்போது தையல் மெஷின் லாச்சிக்குள் உம்மாவின் ஸ்குரூ ட்ரைவருக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டு மாமி வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு லெப்டொப். "மகள், இதுக்குள்ள இருக்கிற அந்தத் தகட்டை எடுத்துத் தாறீங்களா? கடைக்குக் குடுக்கணும்" என்றார். கவிழ்த்துப் பார்த்தேன். இந்தத் தடவை எல்லாமே கூட்டல் அடையாளம்.

(உயர்தர மாணவி, தொழில்நுட்பப் பிரிவு)